பழைய வீடியோக்களைக் காப்பதும் இயக்குவதும்: கோடெக் பொருத்தம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990களின் தொடக்கம் முதல் 2010கள் வரை பதிவான டிஜிட்டல் வீடியோக்களையோ, டேப்பிலிருந்து கணினிக்கு ஏற்றிய வீடியோக்களையோ வைத்திருந்து, அவற்றை இன்றைய கருவிகளில் பார்க்கவும் நெடுங்காலம் பாதுகாக்கவும் விரும்புவோருக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. ஒரு கோப்பு ஓடவில்லை என்றதும் அது கெட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி அழித்துவிடுவோர் பலர். பெரும்பாலான நேரங்களில் கோப்பு நலமாகவே இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த மென்பொருள்தான் அந்தக் கணினியில் இருக்காது. அழிப்பதற்கு முன் ஒருமுறை நிதானமாகச் சோதித்துப் பார்த்தால் பெரும்பாலானவை மீண்டுவிடும்.

ஒரே ஏவிஐ கோப்பு ஒரு கணினியில் நன்றாக ஓடுகிறது. இன்னொன்றில் ஒலி மட்டும் கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது. ஏன்?

ஏவிஐ, எம்ஓவி, எம்பி4, எம்கேவி ஆகியவை படத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் பொட்டலங்கள்; இவற்றைக் கன்டெய்னர் என்பார்கள். உள்ளே இருக்கும் படம் எந்த முறையில் சுருக்கப்பட்டுள்ளது என்பது கோடெக்கைப் பொறுத்தது. மைக்ரோசாஃப்ட் 1992இல் ஏவிஐயை அறிமுகப்படுத்திய பிறகு அதற்குள் சினிபேக், இன்டெல்லின் இன்டியோ, மோஷன் ஜேபெக், மினிடிவி, டிவ்எக்ஸ், எக்ஸ்விட் என்று பல முறைகளில் சுருக்கிய வீடியோக்கள் வைக்கப்பட்டன. இயக்கும் மென்பொருளிடம் அந்தக் குறிப்பிட்ட முறையில் சுருக்கியதை விரித்துத் தரும் டீகோடர் இல்லாவிட்டால் படம் வராது. ஒலியோ பெரும்பாலும் பிசிஎம் என்ற சுருக்கப்படாத வடிவிலோ எம்பி3 வடிவிலோ இருக்கும். அவ்விரண்டையும் எல்லா மென்பொருளும் படிக்கும் என்பதால் ஒலி மட்டும் கேட்கிறது.

இதனால்தான் கோப்பின் பெயரில் உள்ள ஏவிஐ என்ற பின்னொட்டை எம்பி4 என்று மாற்றி எழுதுவதால் எந்தப் பயனும் கிடைப்பதில்லை.

கோப்பினுள் எந்தக் கோடெக் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் போதும். கட்டளை வரியில் வேலை செய்யப் பழகியவர்கள், வீடியோக்களை மாற்ற உதவும் எஃப்எஃப்எம்பெக் தொகுப்புடன் வரும் எஃப்எஃப்புரோப் கருவியைப் பயன்படுத்தலாம். இரண்டுமே கோப்பைப் படிக்கும், மாற்றாது.

1990களின் இறுதியில் உருவான ஒரு சிறிய ஏவிஐ கோப்பைத் திறந்தால் கிடைக்கும் விவரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: கன்டெய்னர் ஏவிஐ, கோடெக் அடையாளம் ஐவி50, அளவு 320×240, நொடிக்கு 15 பிரேம், ஒலி பிசிஎம், 22.05 கிலோஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம். இந்தச் சில சொற்களிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஐவி50 என்றால் இன்டியோவின் ஐந்தாம் பதிப்பு. அதில் ஒளிர்வு ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டாலும், நிறம் 4×4 கட்டத்தில் உள்ள 16 புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே ஒரு மதிப்பாகவே இருக்கும். ஆகவே விளிம்புகளில் நிறம் கசிந்தது போலத் தெரிவது கோப்பின் பழுது அல்ல, அந்தக் கோடெக்கின் இயல்பு.

இத்தகைய நான்கெழுத்துக் குறியீடுகளில் அடிக்கடி எதிர்ப்படுபவை சில: சிவிஐடி என்பது சினிபேக், ஐவி32 என்பது இன்டியோவின் மூன்றாம் பதிப்பு, எம்ஜேபிஜி என்பது பழைய டிஜிட்டல் கேமராக்கள் எழுதிய மோஷன் ஜேபெக், டிஎக்ஸ்50 என்பது டிவ்எக்ஸின் ஐந்தாம் பதிப்பு, எஸ்விக்யூ3 என்பது ஆப்பிளின் குயிக்டைம் கோப்புகளில் வரும் சோரன்சன் வீடியோ 3. ஆனால் குறியீட்டை மட்டும் நம்பிவிடக் கூடாது. எக்ஸ்விட் கோப்பை டிவ்எக்ஸ் மட்டுமே ஏற்கும் டிவிடி பிளேயரில் ஓட்டுவதற்காக அந்த நான்கு எழுத்துகளை மாற்றி எழுதும் வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை ஓடிய கோப்பு இப்போது ஓடவில்லை. கோப்பில் எதுவும் மாறவில்லையே?

கோப்பு மாறவில்லை, இயங்குதளம் மாறிவிட்டது. இன்டியோவை எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியோடு சேர்ந்தே வந்த அந்தக் கோடெக்கில் பாதுகாப்புக் குறைகள் இருந்ததால், 2009 டிசம்பரில் வந்த ஒரு புதுப்பிப்பின் மூலம் மைக்ரோசாஃப்ட் அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரிலும் விண்டோஸ் மீடியா பிளேயரிலும் இயங்குவதைத் தடுத்தது. புதுப்பிப்பு தானாக நிறுவப்பட்ட கணினிகளில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பழைய வீடியோக்கள் ஓடாமல் நின்றன.

ஆப்பிள் 2016இல் விண்டோஸுக்கான குயிக்டைம் மென்பொருளைக் கைவிட்டது. மேக் கணினிகளில் 2019இல் வந்த கேட்டலினா பதிப்பு 32 பிட் மென்பொருள்கள் அனைத்தையும் நிறுத்தியபோது, பழைய குயிக்டைம் கட்டமைப்பும் அதோடு போயிற்று. சோரன்சன், சினிபேக் போன்ற கோடெக்குகளில் உள்ள எம்ஓவி கோப்புகளை அதற்கு முந்தைய மொஹாவே வரை திறந்து மாற்றிக்கொள்ள முடிந்தது. அதற்குப் பிறகு மேக்கின் சொந்தப் பிளேயரில் அந்த வழி அடைபட்டுவிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8, டிவிடி இயக்கும் வசதி இல்லாமல் வெளியானது. டிவிடிகளில் பயன்படும் எம்பெக்-2 சுருக்க முறைக்கான உரிமக் கட்டணம் அதற்கு முக்கியமான காரணம். அமெரிக்காவில் எம்பெக்-2 காப்புரிமைகள் 2018இல்தான் முடிவுக்கு வந்தன.

பாதுகாப்பு, காப்புரிமைக் கட்டணம், 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு நகர்வு ஆகிய மூன்றுமே நிறுவனங்களின் பார்வையில் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் காப்பகம் வைத்திருப்பவருக்கு இவை உணர்த்தும் செய்தி தெளிவானது: இயங்குதளம் தரும் டீகோடரை நம்பி எந்தக் காப்பகத்தையும் கட்டக் கூடாது. எஃப்எஃப்எம்பெக் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய திறந்த மூலத் திட்டம். விஎல்சி என்ற பிளேயர் 2001 முதல் திறந்த மூல உரிமத்தில் கிடைக்கிறது. இவை இயங்குதளத்தின் கோடெக்குகளைக் கேட்காமல் தமக்குள்ளேயே டீகோடர்களை வைத்திருப்பதால், மேலே சொன்ன இன்டியோ, சோரன்சன், சினிபேக் ஆகியவற்றோடு ரியல்வீடியோவையும் இன்றைய கணினியிலும் திறக்கின்றன. உற்பத்தியாளர்கள் விவரக்குறிப்பை வெளியிடாத கோடெக்குகள் பலவற்றை, தன்னார்வலர்கள் ஒவ்வொரு பிட்டாக ஆராய்ந்து டீகோடர் எழுதி மீட்டிருக்கிறார்கள். பழைய வீடியோ வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இணையத்தில் கிடைக்கும் கோடெக் பேக் ஒன்றை நிறுவினால் எல்லாம் சரியாகிவிடாதா?

வேண்டாம். ஒரே வேலைக்குப் பல டீகோடர்கள் நிறுவப்பட்டு ஒன்றோடொன்று மோதும். முன்பு ஓடிய கோப்புகளும் ஓடாமல் போகக்கூடும். இத்தகைய தொகுப்புகளின் பெயரில் தீம்பொருளைப் பரப்புவதும் பழைய உத்திதான். மேலும், 32 பிட் கோடெக்கை 64 பிட் மென்பொருளால் ஏற்ற முடியாது என்பதால் நிறுவியும் பலன் இல்லாமல் போவதுண்டு.

விஎல்சியில்கூடத் திறக்கவில்லை. இனி என்ன செய்வது?

முதலில் கோப்பின் அளவைப் பாருங்கள். ஓடும் நேரம் பத்து நிமிடம் என்று தெரிந்த ஓர் எம்ஓவி கோப்பு சில கிலோபைட் மட்டுமே இருந்தால், அது வீடியோவே அல்ல. வேறொரு கோப்பில் உள்ள வீடியோவைச் சுட்டும் குறிப்புக் கோப்பு. குயிக்டைமில் சேமிக்கும்போது அனைத்தையும் உள்ளடக்கிய கோப்பாகச் சேமிக்காமல், மூலத்தைச் சார்ந்த கோப்பாகச் சேமித்தால் இப்படி நேரும். மூலக் கோப்பு பழைய வட்டில் எங்கேனும் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பழைய மேக் கணினிகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே ஒரு கோப்பு தரவுப் பகுதி, வளப் பகுதி என இரு கிளைகளாகச் சேமிக்கப்படும். சில குயிக்டைம் படங்களில், எந்த பிரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வளப் பகுதியில் இருந்தது. அதை விண்டோஸ் வட்டுக்கு நகலெடுத்தபோது வளப் பகுதி உதிர்ந்து, தரவு மட்டும் வந்து சேர்ந்தது. கோப்பின் அளவு சரியாகவே இருக்கும், ஆனால் எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. மூல மேக் வட்டோ அதன் முழு வட்டுப் படிமமோ கிடைத்தால் மீட்டுவிடலாம்.

எம்பி4 கோப்பில் இதே அட்டவணை பதிவு முடியும் தறுவாயில்தான் எழுதப்படுகிறது. பாதியில் பேட்டரி தீர்ந்துபோன பதிவுகள் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. அதே கேமராவில், அதே அமைப்புகளில் பதிவான இன்னொரு நல்ல கோப்பு கையில் இருந்தால், அதை மாதிரியாகக் கொண்டு அட்டவணையைத் திரும்பக் கட்டும் அன்ட்ரங்க் போன்ற கருவிகள் பெரும்பாலும் வெற்றி தருகின்றன. ஏவிஐ கோப்பில் அட்டவணை இல்லாவிட்டால் சிக்கல் சிறிது. விஎல்சியே அதைத் தற்காலிகமாகச் சீர்செய்து ஓட்டும்.

கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் பலவற்றில் உள்ளே இருப்பது பரவலாகப் பயன்படும் எச்.264 கோடெக்தான், தயாரிப்பாளர் தமக்கே உரிய உறை ஒன்றை மேலே சுற்றியிருப்பார். பதிவுக் கருவியுடன் வந்த பிளேயர் மென்பொருளையும் கோப்போடு சேர்த்தே பாதுகாக்க வேண்டும். உண்மையிலேயே வேறு டீகோடர் இல்லாத அரிய கோடெக் என்றால், மெய்நிகர் கணினி ஒன்றில் அந்தக் காலத்து இயங்குதளத்தையும் மூலக் கோடெக்கையும் நிறுவி, அங்கேயே இழப்பற்ற வடிவத்துக்கு மாற்றுவதுதான் வழி. அந்த மெய்நிகர் கணினிக்கு இணைய இணைப்புத் தரக் கூடாது. உரிமப் பூட்டு போடப்பட்ட டபிள்யூஎம்வி கோப்புகளின் நிலை வேறு: உரிமம் வழங்கிய சர்வர் மூடப்பட்டிருந்தால் இந்த வழிகள் எதுவும் அங்கே பயன்படாது.

எல்லாவற்றையும் எம்பி4 ஆக மாற்றிவிட்டு மூலக் கோப்புகளை அழித்துவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பதிலை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புவோர் இதை எடுத்துக்கொள்ளட்டும்.

வழக்கமான எம்பி4 மாற்றம் என்பது, ஒருமுறை இழப்போடு சுருக்கிய படத்தை விரித்து மறுபடியும் இழப்போடு சுருக்குவது. முதல் கோடெக் விட்டுச்சென்ற கட்டங்களையும் சிதறல்களையும் இரண்டாவது கோடெக் படத்தின் பகுதியாகவே எண்ணி அவற்றுக்கும் இடம் ஒதுக்கும். உண்மையான நுண்விவரம் அந்த அளவுக்குக் குறையும். ஒரு தலைமுறையில் கண்ணுக்குத் தெரியாத இந்த இழப்பு, அடுத்தடுத்த மாற்றங்களில் திரண்டு வெளிப்படும். இருபது ஆண்டுகள் கழித்து இன்னொரு வடிவத்துக்கு மாற்ற வேண்டிய தேவை நிச்சயம் வரும். அன்றைக்கு மூலத்திலிருந்து மாற்றுவதற்கும் நகலின் நகலிலிருந்து மாற்றுவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கும்.

படத்தைத் தவிர வேறு இழப்புகளும் உண்டு. மினிடிவி டேப்பிலிருந்து நேரடியாக எடுத்த கோப்பில் ஒவ்வொரு பிரேமுக்குள்ளும் டைம்கோடும், கேமராவின் கடிகாரம் காட்டிய பதிவு நாளும் நேரமும் பொதிந்திருக்கும். திரையில் அது தெரியாது. ஆனால் உரிய மென்பொருளில் திறந்தால், ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி தொடங்கும் இடத்தில் நேரம் தாவுவதைக் காணலாம். எந்தக் காட்சி எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பதை யாருடைய நினைவையும் நம்பாமல் அறிய உதவும் சான்று அது. எச்.264க்கு மாற்றிய கணத்தில் அந்தச் சான்று முழுவதும் போய்விடும். படம் மட்டுமே மிஞ்சும். ஒரு மணி நேர மினிடிவிக்கு ஏறக்குறைய 13 ஜிபி தேவைப்படுகிறது. 1990களில் அது மலைப்பான அளவு. இன்று அவ்வளவு இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இந்தச் சான்றைத் துறப்பதில் எந்த நியாயமும் இல்லை.

எனவே இரண்டு பிரதிகள் வேண்டும்: கைபடாமல் வைக்கும் மூலப் பிரதி ஒன்று, அன்றாடம் பார்க்கவும் பகிரவும் பார்வைப் பிரதி ஒன்று.

கோடெக்கை மாற்றாமல் கன்டெய்னரை மட்டும் மாற்ற முடியுமா?

முடியும், பல நேரங்களில் அதுவே போதும். எஃப்எஃப்எம்பெக்கில் ஸ்ட்ரீம் காப்பி என்ற முறையில், சுருக்கிய தரவை விரிக்காமல் அப்படியே எடுத்துப் புதிய கன்டெய்னரில் வைக்கலாம். கோப்பை நகலெடுக்க ஆகும் நேரமே ஆகும். தரம் ஒரு துளியும் குறையாது. எச்.264 உள்ள எஃப்எல்வி கோப்பை எம்பி4 ஆக்குவதற்கும், கேம்கார்டரின் எம்டிஎஸ் கோப்பை எம்கேவி ஆக்குவதற்கும் இது ஏற்றது. ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31உடன் முடிவுக்கு வந்ததால் எஃப்எல்வி கோப்புகளும் செத்துவிட்டன என்று எண்ண வேண்டியதில்லை.

எம்பி4 எல்லாக் கோடெக்கையும் ஏற்காது. எம்கேவி ஏறக்குறைய எதையும் ஏற்கும். கன்டெய்னர் மாற்றிய பிறகும் மூலத்தை வைத்திருப்பதே என் பரிந்துரை. கேமரா எழுதிய கூடுதல் விவரங்கள் சில புதிய கன்டெய்னருக்கு வராமல் போகலாம்.

விஎச்எஸ் போன்ற அனலாக் டேப்புகளைப் புதிதாக டிஜிட்டலாக்கும்போது எந்தக் கோடெக்கைத் தேர்வது?

அனலாக் டேப்புக்கு டிஜிட்டல் மூலம் என்று ஒன்று கிடையாது. நீங்கள் உருவாக்கப்போவதுதான் மூலம். ஆகவே இங்கே இழப்பற்ற சுருக்கத்தையே பரிந்துரைக்கிறேன். எம்கேவி கன்டெய்னரில் எஃப்எஃப்வி1 கோடெக் இதற்கு மிகவும் பொருத்தமானது. 720×576 அளவில் நொடிக்கு 25 பிரேமாக, 10 பிட் ஆழத்தில், 4:2:2 நிற மாதிரியில் (இரண்டு புள்ளிகளுக்கு ஒரு நிற மதிப்பு) சுருக்காமல் சேமித்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 100 ஜிபி ஆகும்; எஃப்எஃப்வி1 அதைப் பெரும்பாலும் பாதி அளவுக்குக் குறைத்துவிடும், ஒரு பிட்டையும் இழக்காமல். இந்தக் கோடெக்கின் விவரக்குறிப்பு 2021இல் ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 9043 என்ற எண்ணில் பொதுவில் வெளியானது. எம்கேவியின் அடிப்படையான மட்ரோஸ்காவின் விவரக்குறிப்பு 2024இல் ஆர்எஃப்சி 9559 ஆக வெளிவந்தது. நாளை எல்லா மென்பொருளும் மறைந்தாலும், இந்த ஆவணங்களைப் படித்து ஒருவர் புதிதாக டீகோடர் எழுதிவிட முடியும். இன்டியோவுக்கும் சோரன்சனுக்கும் கிடைக்காத பாதுகாப்பு இது.

எஃப்எஃப்வி1 மூன்றாம் பதிப்பில் ஒவ்வொரு பிரேமையும் பல துண்டுகளாகப் பிரித்து, துண்டுதோறும் பிழை காட்டும் எண்ணைச் சேர்க்கலாம். வட்டில் ஒரு பகுதி சிதைந்தால் எந்தப் பிரேமின் எந்தத் துண்டு பாதிக்கப்பட்டது என்பது தெரிந்துவிடும். ஆப்பிளின் புரோரெஸ் எடிட்டிங்குக்கு நல்ல கோடெக். ஆனால் அது இழப்புள்ள சுருக்கம் என்பதால், இழப்பற்ற வழி கைக்கு எட்டும்போது மூலப் பிரதிக்கு அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஏற்கெனவே டிஜிட்டலாக உள்ள மினிடிவி, எச்.264 கோப்புகளை எஃப்எஃப்வி1க்கு மாற்ற வேண்டாம். அளவு பல மடங்கு பெருகுமே தவிர, தரம் கூடாது. இன்டியோ போன்ற அரிய கோடெக்குகளுக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம். அவை அளவில் சிறியவை என்பதால், மூலத்தோடு ஓர் எஃப்எஃப்வி1 பிரதியையும் வைத்துக்கொள்ள அதிக இடம் ஆகாது.

இழப்பற்ற மாற்றம் உண்மையிலேயே இழப்பற்றதுதான் என்று எப்படி உறுதிசெய்வது?

எஃப்எஃப்எம்பெக்கில் பிரேம் எம்டி5 என்ற வசதி உண்டு. அது ஒவ்வொரு பிரேமையும் விரித்து, அதற்கான அடையாள எண்ணைக் கணக்கிட்டுப் பட்டியலிடும். மூலத்துக்கு ஒரு பட்டியல், மாற்றிய கோப்புக்கு ஒரு பட்டியல் எடுத்து ஒப்பிட்டால், எல்லா வரிகளும் ஒத்திருக்க வேண்டும். ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் நிற அமைப்பு மாறியிருப்பதே காரணம். சினிபேக் கோப்பு விரிக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஆர்ஜிபி அமைப்பில் வரும். அதைக் கவனிக்காமல், நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிற மதிப்பை மட்டும் வைக்கும் 4:2:0 அமைப்புக்கு மாற்றினால், அதன்பின் இழப்பற்ற கோடெக்கைப் பயன்படுத்தினாலும் நிற விவரம் முன்னமே போயிருக்கும். எஃப்எஃப்வி1 ஆர்ஜிபியையும் ஏற்கும் என்பதால், உள்ளதை உள்ளபடியே வைக்கச் சொல்லிவிடலாம்.

அசையும் பொருள்களின் விளிம்பில் சீப்பின் பற்களைப் போலக் கோடுகள் தெரிகின்றன. இது கோடெக்கின் குறையா?

இல்லை, இது இன்டர்லேஸ் பதிவு. நொடிக்கு 25 பிரேம் என்று குறிக்கப்படும் பழைய வீடியோவில் உண்மையில் 50 அரைப் படங்கள் உள்ளன. ஒற்றை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டை வரிகள் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளியும் எடுக்கப்பட்டவை. பழைய குழாய்த் தொலைக்காட்சி இவற்றை அதே வரிசையில் மாற்றி மாற்றிக் காட்டியதால் அசைவு வழுவழுப்பாகத் தெரிந்தது. இன்றைய திரை இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், கையை வீசும் ஒருவரின் கை இரு இடங்களில் இருப்பது போலக் கோடுகோடாகப் பிரிகிறது. அசையாத பின்னணியில் எதுவும் தெரியாது.

மூலப் பிரதியில் இதைத் தொடவே கூடாது. பார்வைப் பிரதியில் மட்டும் பிடபிள்யூடிஐஎஃப் அல்லது யாடிஃப் போன்ற டீஇன்டர்லேஸ் வடிகட்டியைக் கொண்டு, 50 அரைப் படங்களையும் 50 முழுப் பிரேம்களாக்க வேண்டும். பல மென்பொருள்கள் இயல்பாக 25 பிரேம்களாகவே தரும். அப்போது அசைவின் பாதி காணாமல் போகும். சிறு குழந்தை ஓடும் காட்சி ஒன்றை இரு முறைகளிலும் மாற்றி அடுத்தடுத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புரியும்.

எந்த அரைப் படம் முதலில் வரும் என்பதும் முக்கியம். மினிடிவியில் கீழ்வரிசை முதலில் வரும். கேப்சர் கார்டுகள் பலவற்றில் மேல்வரிசை முதலில் வரும். தவறாகக் கொடுத்தால் அசைவு முன்னும் பின்னுமாகத் துடிக்கும். டீஇன்டர்லேஸ் செய்யாமல் படத்தின் உயரத்தை மாற்றிய கோப்புகளில் இரண்டு அரைப் படங்களும் கலந்து உறைந்துவிடுகின்றன; அவற்றைப் பின்னால் சரிசெய்ய நல்ல வழி கிடையாது. மூலத்தை வைத்திருக்க இதுவும் ஒரு காரணம்.

படத்தில் எல்லோரும் குட்டையாகவோ ஒல்லியாகவோ தெரிகிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பழைய வீடியோவின் புள்ளிகள் சதுரமானவை அல்ல. 720×576 என்று சேமித்த படம் 4:3 விகிதத்தில் 768×576 ஆகவும், 16:9 விகிதத்தில் 1024×576 ஆகவும் காட்டப்பட வேண்டும். 720×480 படம் 4:3 விகிதத்தில் 640×480 ஆகத் தெரிய வேண்டும். இந்த விகிதத்தைக் குறிக்க ஏவிஐயின் அடிப்படை வடிவில் இடம் இல்லாததால், பிளேயர்கள் ஊகித்துத் தவறுகின்றன. எம்கேவிக்கு ஸ்ட்ரீம் காப்பி செய்யும்போது விகிதத்தைக் குறித்துவிட்டால் போதும். இதற்காகப் படத்தை மறுபடி சுருக்க வேண்டியதில்லை.

ஒலி சிறிது சிறிதாகப் படத்திலிருந்து விலகிப் போகிறது. ஏன்?

காரணங்கள் பல. மாறும் பிட்வீதமுள்ள எம்பி3 ஒலியை ஏவிஐக்குள் வைத்த கோப்புகளில் நேரக் கணக்கு பிசகும். வீட்டுப் பயன்பாட்டு மினிடிவி கேமராக்களில் ஒலியின் கடிகாரம் படத்தின் கடிகாரத்தோடு இறுகப் பிணைக்கப்படாததால், நீண்ட பதிவுகளில் விலகல் தெரியும். கைபேசிப் பதிவுகளில் பிரேம் வீதமே நிலையாக இருப்பதில்லை; எடிட்டிங் மென்பொருள் அதை நிலையானது என்று எடுத்துக்கொண்டால் ஒலி நழுவும். எம்பி3 சிக்கலில் ஒலியை மட்டும் பிசிஎம் ஆக்கினால் போதும். கைபேசிப் பதிவுகளில் பார்வைப் பிரதியை நிலையான பிரேம் வீதத்துக்கு மாற்ற வேண்டும். படம் வந்து ஒலி வராத 3ஜிபி கைபேசிக் கோப்புகளில் உள்ளது ஏஎம்ஆர் ஒலி; அதை ஏஏசிக்கு மாற்றினால் எல்லாக் கருவிகளிலும் கேட்கும்.

கேம்கார்டரின் மெமரி கார்டிலிருந்தும் டிவிடியிலிருந்தும் எதை நகலெடுத்து வைப்பது?

முழுக் கோப்புறை அமைப்பையும். ஏவிசிஎச்டி கேமராக்கள் ஒரே நீண்ட பதிவைப் பல எம்டிஎஸ் கோப்புகளாக உடைத்து எழுதும். எந்தத் துண்டு எதைத் தொடர்கிறது என்ற விவரம் வேறு கோப்புறைகளில் இருக்கும். துண்டுகளைத் தனித்தனியே மாற்றிவிட்டுப் பின்னர் ஒட்டினால் இணைப்புகளில் ஒலி வெட்டும். முதலில் தரவாகவே ஒட்டிவிட்டுப் பிறகு மாற்ற வேண்டும். டிவிடியிலும் இப்படித்தான், விஓபி கோப்புகளை மட்டும் எடுக்காமல் முழு வட்டுப் படிமமாக எடுங்கள். கேமராவில் எழுதிய சிறிய டிவிடி கணினியில் காலியாகத் தெரிந்தால், அது ஃபைனலைஸ் செய்யப்படாத வட்டாக இருக்கலாம். எழுதிய கேமராவிலேயே அதைச் செய்து முடித்தால் கோப்புகள் தெரியும்.

பார்வைப் பிரதி எந்தக் கருவியிலும் ஓட வேண்டும் என்றால் என்ன அமைப்புகள் வேண்டும்?

எம்பி4 கன்டெய்னர், எச்.264 கோடெக், 8 பிட், 4:2:0 நிற மாதிரி, ஏஏசி ஒலி. இவற்றில் 8 பிட்டும் 4:2:0வும்தான் அதிகம் தவறவிடப்படுபவை. 10 பிட் 4:2:2 மூலத்திலிருந்து மாற்றும்போது நீங்கள் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் மென்பொருள் அதே அமைப்பில் எச்.264 கோப்பை எழுதிவிடும்; அது கணினியில் விஎல்சியில் ஓடும், தொலைக்காட்சியிலும் உலாவியிலும் ஓடாது. நிறக் குறிப்பாக, பழைய தெளிவுத்திறனுக்கு உரிய பிடி.601 தரத்தைச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில பிளேயர்கள் உயர் தெளிவுக்கான பிடி.709 என்று எண்ணி, தோலின் நிறத்தைச் சற்றே மாற்றிக் காட்டும்.

எச்.265, ஏவி1 ஆகியவை குறைந்த இடத்தில் நல்ல தரம் தருபவை; ஆனால் பழைய கருவிகளில் ஓடாது, சிறிய பழைய வீடியோக்களில் மிச்சமாகும் இடமும் பெரிதல்ல. செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கிய பிரதியை விரும்பினால் தனியாக வைத்துக்கொள்ளலாம். அதில் உள்ள முக விவரங்களில் ஒரு பகுதி மென்பொருள் ஊகித்துச் சேர்த்தது என்பதால் அது ஆவணம் ஆகாது.

எங்களிடம் டேப், டிவிடி, பழைய கோப்புகள் எல்லாம் கலந்து இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது?

டேப்பிலிருந்து தொடங்குங்கள். கோப்புக்கு வேண்டிய டீகோடரை நாளையும் பதிவிறக்கலாம். டேப்பை ஓட்டும் கருவி பழுதானால் உதிரிபாகம் கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகிறது. மினிடிவி டேப்பை பயர்வயர் வழியாகவே எடுக்க வேண்டும். டேப்பில் உள்ள தரவு மாறாமல் அப்படியே வரும். அனலாக் வழியாக எடுத்தால் படம் இன்னொரு முறை சுருக்கப்படுவதோடு, மேலே சொன்ன நாள், நேர விவரமும் வராது. பல மினிடிவி கேமராக்களின் யுஎஸ்பி இணைப்பு புகைப்படங்களுக்கும் தரம் குறைந்த வீடியோவுக்கும் மட்டுமே என்பதால் அதை நம்ப முடியாது. புதிய கணினிகளில் பயர்வயர் இல்லாததால், அந்த இணைப்புள்ள பழைய கணினி ஒன்றைக் கழித்துக்கட்டாமல் வைத்திருங்கள்.

அடுத்து எழுதக்கூடிய டிவிடிகள்; அவற்றின் சாயப் படலம் காலப்போக்கில் சிதையும். படிக்கத் திணறும் வட்டை டிடிரெஸ்க்யூ போன்ற கருவியில், வேறு வேறு டிரைவ்களில் மாற்றி மாற்றிப் படித்தால், ஒன்றில் கிடைக்காத பகுதி இன்னொன்றில் கிடைப்பதுண்டு. கோப்புகள் கடைசியில். அவற்றை மீடியாஇன்ஃபோவில் ஓட்டிக் கோடெக் வாரியாகப் பிரித்து, அரிய கோடெக்குகளை முதலில் கவனியுங்கள். ஒவ்வொரு மூலக் கோப்புக்கும், அது பின்னர் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எஸ்எச்ஏ-256 செக்சம் என்ற அடையாள எண்ணைக் கணக்கிட்டு, அதையும் மீடியாஇன்ஃபோ அறிக்கையையும் அதே கோப்புறையில் எளிய உரைக் கோப்பாக வைத்து, முழுத் தொகுப்பையும் இரண்டு வெவ்வேறு இடங்களில் உள்ள வட்டுகளில் நகலெடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை செக்சத்தைச் சரிபார்த்து, ஒரு வட்டில் மாறியிருக்கும் கோப்பை மற்ற வட்டிலிருந்து மீட்டுக்கொள்ளலாம்.